சத்தமாய்ச் சொல்லாத இலக்கம்

தொண்ணூற்று நாலில் எனக்கென்று ஓர் ஈசி காட் வந்தது. ஜேர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரத்து ஆஸ்பத்திரிச் சமையலறையில் நான் பாத்திரம் கழுவி உழைத்த சம்பளம் அதுவரை என் கணவர் ராசனின் கணக்கில்தான் விழுந்தது. இப்போது எனக்கும் ஒரு கணக்கு, யூரோசெக் புத்தகத்தோடு வந்த வங்கி அட்டை. அதில் நீலமும் சிவப்புமாய் ஈசி அடையாளம், கீழே பேர்பெச்சுவா என்று என் பெயர். எனக்குத் தலைகால் தெரியாத பெருமை.

அந்த ஆண்டுகளில் ஈசி அடையாளம் ஒட்டாத கடைக்கதவே இல்லை. பெற்றோல் செட், சப்பாத்துக் கடை, கடைசியில் சிறீதரன் அண்ணையின் தமிழ்க் கடையும். அங்கே மட்டும் ஒரு வழக்கம் இருந்தது. இரகசிய இலக்கத்தை யாரும் மெசினில் அழுத்துவதில்லை. காட்டை நீட்டி வாயால் சொல்லுவார்கள், அண்ணை அழுத்துவார். தமிழில் சொன்னால் வெள்ளைக்காரனுக்கு விளங்காதாம்! வரிசையில் நிற்பது முழுக்கத் தமிழர் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. என் மனிசன் கத்தரிக்காய்ப் பெட்டியடியில் நின்றே கத்துவார். பாதிச் சனத்துக்கு அவருடைய இலக்கம் பாடம்.

காட் வந்த முதல் சனிக்கிழமை அந்தக் கடையில் என் முறை வந்தது. தோளில் மகள் நித்திரை.

"நம்பரைச் சொல்லுங்கோ தங்கச்சி, நான் அடிக்கிறன்" என்றார் அண்ணை.

"நானே அடிப்பன்."

"பிள்ளையை வச்சுக்கொண்டு ஏலாது. சொல்லுமன்" என்றார் ராசன்.

வரிசை காதைத் தீட்டியது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. மகளை அவர் கையில் திணித்தேன். ஒரு கையால் மறைத்து, மறுகையால் அழுத்தினேன்.

வீட்டுப் படியேறும்போது கேட்டார்.

"என்னையும் நம்பேல்லையோ?"

"நம்பிறன். ஆனா இது என்ரை. என்னட்டையே இருக்கட்டும்."

அவருக்கு நொந்தது. எனக்கும்தான். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு நான் அழுத்தும்போதெல்லாம் அவர் முகத்தைத் திருப்பி மிளகாய்த்தூள் பைக்கற்றுகளைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

ஆண்டுகள் போயின. முதலில் அந்த அடையாளம் போட்ட செக்குகள் நின்றன. பிறகு வந்த காட்டில் நீலச் சிவப்பும் இல்லை, வேறு பெயர். சிறீதரன் அண்ணை கதவில் இருந்த ஒட்டியைக் கத்தியால் சுரண்டி எடுத்தார். நாங்கள் மட்டும் இன்னும் ஈசி காட் என்றே சொல்லுகிறோம்.

அண்ணை ஒட்டியைச் சுரண்டின அந்த மாரியில் பனியில் வழுக்கி விழுந்தேன். இரண்டு கையிலும் கட்டு. கடையில் ராசன் தன்னுடைய காட்டை எடுத்தார்.

"என்ரையைப் போடுங்கோ" என்றேன். "கைப்பையுக்கை இருக்கு."

அவர் என்னைப் பார்த்தார். காட்டை எடுத்து மெசினில் போட்டார். நான் இலக்கத்தைச் சொல்ல வாயெடுத்தேன்.

"மெல்ல, மெல்ல" என்று காதை என் வாயருகே கொண்டுவந்தார். "ஆக்கள் நிக்கினம்."

சொன்னேன். கத்தரிக்காய்ப் பெட்டியடியில் நின்று கத்தின மனிசன், ஒரு கையால் மெசினை மறைத்துக்கொண்டு ஒவ்வொன்றாய் அழுத்தினார்.