வெள்ளிக்கிழமையில வந்த தரிசனம்

சென்னையிலேர்ந்து அந்த போன் வந்தப்ப மணி ஒண்ணே முக்கால். செம்மண்டலத்து வீட்டுல ஆம்பளைங்க யாரும் இல்ல, ஜும்மா தொழுவைக்குப் போயிருந்தாங்க. சிதம்பரம் கோயில் மார்கழி தரிசனத்துக்கு கடலூர் ஜில்லா முழுக்க லீவுங்கறதால, டீச்சர் வேலை பாக்குற முபீனா வீட்டுலதான் இருந்தா. நாலு வயசு மவ அம்ரீனுக்கு சோறு ஊட்டிக்கிட்டிருந்தவ, எடது கையால போனை எடுத்தா. கம்பெனியிலேர்ந்து பேசுறேன்னு ஒரு பொண்ணு, பார்சல் வர லேட்டாவும்னு சொல்ற மாதிரி மளமளன்னு சொல்லுச்சி. பிளைட்டு கெளம்பி எட்டு நிமிசத்துல ஒரு எஞ்சின் நின்னுபோச்சாம், இன்னொண்ணும் பொகைய ஆரம்பிச்சிடுச்சாம். திரும்பி வரப் பாத்து முடியாம, ஆந்திரா பார்டர் பக்கம் ஒரு மொளவாக் கொல்லையில எறக்கியிருக்காங்க. பைலட் ரெண்டு பேரு, பாசஞ்சர் ரெண்டு பேரு, நாலு பேரும் காயத்தோட தப்பிச்சிட்டாங்க. பின்னாடி சீட்டுல இருந்த கேபின் க்ரூ மட்டும் அந்த எடத்துலயே முடிஞ்சிட்டாரு. லிஸ்டுல நாசர்னு இருக்கு மேடம், சாரி.

நாசர் முபீனாவோட புருசன். காசுள்ளவங்க வாடகைக்கு எடுத்துக்கிட்டுப் பறக்குற குட்டி ஜெட்டுல அவனுக்கு வேலை. கதவை மூடுறது, ஜூஸ் குடுக்குறது, சாப்பாட்டை சூடு பண்ணி வைக்கிறது, பெரிய மனுசங்க கொறட்டை வுட்டா போர்வையை இழுத்து வுடுறது. அவன் அதைச் சொல்லிச் சொல்லி சிரிப்பான்.

மாமியா ரஹ்மத் பீவி போனைப் புடுங்கிக் கேட்டுட்டு நெஞ்சுல அடிச்சிக்கிட்டு உக்காந்துட்டாங்க. சோத்துக் கையை அப்புடியே வச்சிக்கிட்டு நின்னா. அழுவ வரல. அழுவறதுக்கு முன்னாடி ஒரு விசயம் மண்டையில வந்து மாட்டிக்கிச்சி. இன்னைக்கி வெள்ளிக்கிழமையாச்சே, வெள்ளிக்கிழமை மத்தியானம் மச்சான் பிளைட்டுல ஏற மாட்டாரே.

இங்கதான் அந்த ஏற்பாட்டைச் சொல்லணும். அதே கம்பெனியில இளவரசுன்னு ஒருத்தன், சிதம்பரத்துக்காரன். ரெண்டு பேரும் ஒண்ணா கேட்டரிங் படிச்சவனுங்க. நாசர்தான் அவனை இந்த வேலைக்கு இழுத்துக்கிட்டுப் போனான், சென்னையில ஒரே ரூமு. வெள்ளிக்கிழமை மத்தியானம் நாசர் பேருக்கு பிளைட்டு வுழுந்தா அதுல இளவரசு ஏறிப்பான், நாசர் ஜும்மாவுக்குப் போயிடுவான். பொங்கல், தைப்பூசம், மார்கழி தரிசனம், இந்த மூணு நாள்ல இளவரசு ஊருக்கு வந்துடுவான், டூட்டியை நாசர் பாத்துப்பான். எட்டு வருசமா இதே நடப்பு. முன்கூட்டியே சொன்னா ஆபீசுல ஆயிரம் நொட்டை சொல்லுவாங்கன்னு, பிளைட்டு எறங்கின பொறவுதான் ரெஜிஸ்டர்ல பேரை மாத்திக்குவாங்க. அதுக்கு ஆபீசும் கண்டும் காணாம இருந்துச்சி. ஆபீசை வுட்டா விசயம் தெரிஞ்சது அவனுங்க ரெண்டு பேருக்கும், பொண்டாட்டிங்க ரெண்டு பேருக்கும்தான்.

அப்ப செத்தது இளவரசுதான்னு முபீனா மனசு ஒரு எட்டு எடுத்து வச்சிச்சி. வச்ச காலு அந்தரத்துல நின்னுபோச்சி. இன்னைக்கி தரிசனமும் ஆச்சே. தரிசனம்னா இளவரசு சிதம்பரத்துல இல்ல இருப்பான்? அவன் ஊருக்குப் போயிட்டா, நாசர் பேருல இருக்குற பிளைட்டுல நாசர்தானே போயிருக்கணும்? ரெண்டு கணக்கும் ஒரே நாள்ல வந்து முட்டிக்கிச்சி. புதன்கெழமைகூட இவ போனுல கேட்டா, இந்த வருசம் ரெண்டும் ஒண்ணா வருதே, என்ன பண்ணப் போறீங்கன்னு. அன்னைக்கி காலையில பேசிக்குவோம் புள்ள, இதுல என்ன இருக்குன்னு நாசர் சிரிச்சான். காலையில என்ன பேசிக்கிட்டாங்களோ, யாரு வுட்டுக்குடுத்தாங்களோ, அது அவனுங்களுக்குத்தான் வெளிச்சம்.

முபீனா போட்டுப் பாத்தா, நாசர் போனு அடிச்சிக்கிட்டே இருந்துச்சி, எடுக்குற ஆளு இல்ல. ஜும்மாவுக்குப் போறப்ப போனை ரூமுல போட்டுட்டுப் போற பழக்கம் அவனுக்கு. பிளைட்டுல ஏறுனாலும் பையிலதான் போட்டு வைப்பான். எதைன்னு எடுத்துக்கறது? இளவரசு போனு சுவிட்ச் ஆஃப். அவன் பொண்டாட்டி ஸ்ரீமதி போனும் சுவிட்ச் ஆஃப். கம்பெனி லைனு எப்பவும் பிசி.

அதுக்குள்ள வீடு நெறைஞ்சி போச்சி. சேதி எப்புடித்தான் பரவுதோ, தெருவுல பாதி பேரு உள்ள வந்துட்டாங்க. நாசரோட பெரியம்மா நேரா முபீனாகிட்ட வந்து, அழுதுக்கிட்டே அவ கழுத்துக் கருகமணியில கை வச்சாங்க. புருசன் மவுத்தானா அதைக் கழட்டிடணும், பொறவு நாலு மாசம் பத்து நாளு வெளிய வராம வீட்டோட இத்தா இருக்கணும். முபீனா ரெண்டு கையாலயும் கருகமணியை இறுக்கிப் புடிச்சிக்கிட்டு, இன்னும் தெரியலன்னா. என்னம்மா தெரியலன்னு கேட்டாங்க. இன்னைக்கி வெள்ளிக்கிழமைன்னா. தரிசனமும்னா. அவங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க, புள்ளைக்குப் புத்தி கலங்கிடுச்சின்னு ஒருத்தி வாய்வுட்டே சொன்னா. முபீனாவுக்கு அப்ப வந்த கோவத்துக்கு அளவில்ல. புருசன் உசுரு இருக்கா இல்லையான்னு தெரியாம நிக்கிறவகிட்ட வந்து கழுத்துல கை வைக்கிறாங்களே.

தொழுவிட்டு வந்த மாமனாரு நூர்முகம்மதுகிட்ட மட்டும் அவ முழுசா சொன்னா. மனுசன் தொப்பியைக்கூடக் கழட்டாம கேட்டுக்கிட்டாரு. தம்பி மவனுங்களைக் கூட்டிக்கிட்டு காருல சென்னைக்குப் போறேன், நீ சிதம்பரம் போயி இளவரசு இருக்கானான்னு பாருன்னாரு. பெரியம்மா குறுக்க வுழுந்தாங்க, இத்தா இருக்க வேண்டியவளை பஸ்ஸுல ஏத்துறியான்னு.

"இத்தாவா இல்லையான்னு தெரிஞ்சிக்கத்தான் போறா," ன்னாரு நூர்முகம்மது.

தரிசன நாள்ல சிதம்பரம் பஸ்ஸைப் பத்திச் சொல்லவா வேணும். ஆலப்பாக்கம் தாண்டுற வரைக்கும் முபீனா ஒத்தைக் கால்லதான் நின்னா. பக்கத்துல நின்ன ஆளு போனுல நியூஸ் ஓட்டிக்கிட்டிருந்தான். பச்சைச் செடிங்களுக்கு நடுவுல வெள்ளையா ஒரு துண்டு கெடந்துச்சி, கீழ தனியார் ஜெட் விபத்து, ஒருவர் பலின்னு ஓடுச்சி. எப்பா சாமி, காசுக்காரன் பிளேனும் வுழுவுது பாருன்னு அவன் யாருகிட்டயோ சொன்னான். இவ கம்பியைக் கெட்டியா புடிச்சிக்கிட்டு கண்ணை மூடிக்கிட்டா.

யா அல்லாஹ், சிதம்பரத்து வீட்டுல இளவரசு இருக்கக்கூடாதுன்னு துஆ கேட்டா. புதுச்சத்திரம் வர்ற வரைக்கும் அதையேதான் கேட்டா. புதுச்சத்திரத்துல ஒரு சீட்டு கெடைச்சி உக்காந்தப்பதான், தான் கேக்குறது என்னன்னு அவளுக்கே ஒறைச்சிச்சி. அம்ரீன் பொறந்தப்ப நாசர் எங்கயோ பறந்துக்கிட்டிருந்தான். ஆஸ்பத்திரி வராந்தாவுல ரெண்டு நாளு படுத்துக் கெடந்து, புள்ளையைத் துணியோட வாங்கிக் காருல ஏத்தி வீடு கொண்டாந்து சேத்தவன் இளவரசு. அவன் இருக்கக்கூடாதுன்னா கேக்குறேன்னு ஒடம்பெல்லாம் கூசிப்போச்சி. தௌபா தௌபா, மன்னிச்சிடுன்னு சொல்லிக்கிட்டா. சொல்லிட்டு மாத்திக் கேட்டா, ரெண்டு பேரும் இருக்கட்டும்னு. ரெண்டு பேருக்கும் எடம் ஏது? செத்தவன் ஒருத்தன்னு நியூஸ்ல போட்டாச்சி. பி.முட்லூர் வந்தப்ப நாக்கு தன்னால பழைய துஆவுக்கே போயிடுச்சி. தன்னையே அவளுக்குப் புடிக்கல, ஆனா நிறுத்த முடியல.

அண்ணாமலை நகர்ல ஸ்ரீமதிக்கு யுனிவர்சிட்டி லைப்ரரி வேலை, அதனால குவார்ட்டர்ஸ். ஆட்டோ வுட்டு எறங்குறப்ப மணி அஞ்சாவப் போவுது. முபீனா மொதல்ல பாத்தது வாசல்ல கெடந்த செருப்பைத்தான். பொம்பளை செருப்பு ஒரு ஜோடி. ஆம்பளை செருப்பு இல்ல.

ஸ்ரீமதி நெத்தி நெறைய துந்நூறோட வெளியில வந்து, இவளைப் பாத்துட்டு ஒரே சந்தோசம். சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிறீங்களேக்கா, களி வாசனை செம்மண்டலம் வரைக்கும் வந்துடுச்சான்னு சிரிச்சா. வருசா வருசம் திருவாதிரைக் களியும் கூட்டும் தூக்குல போட்டு இளவரசு கையில செம்மண்டலத்துக்கு அனுப்புறவ அவ. கூட்டத்துல எவனாவது அடிச்சிடப் போறான்னு போனை பீரோவுல வச்சிப் பூட்டிட்டுப் போனாளாம், இப்ப பாத்தா சார்ஜ் செத்துக் கெடக்காம், அப்பதான் சொருவியிருந்தா. டிவி போடல. அவளுக்கு ஒண்ணும் தெரியாது.

இளவரசு அண்ணன் எங்கன்னு மட்டும் முபீனா கேட்டா.

ஸ்ரீமதி களியைக் கிண்டி வுட்டுக்கிட்டே சொன்னா. இளவரசு நேத்து ராத்திரி பேசினானாம். பன்னண்டு மணி பிளைட்டு ஒண்ணு இருக்கு, எங்க ரெண்டு பேர்ல ஒருத்தன் போவணும், எனக்கு தோது பட்டா விடியக்காலை பஸ் ஏறி நேரா கோயிலுக்கே வந்துடுறேன், கூட்டத்துல தேடிக்கிட்டு நிக்காத, தரிசனம் முடிஞ்சி வூட்டுக்கு வந்துடுறேன்னானாம்.

"நாசர் அண்ணன் வுட்டுக்குடுத்திருப்பாருக்கா. எப்பவும் அவருதான வுட்டுக்குடுப்பாரு," ன்னா ஸ்ரீமதி. "அவரு பிளைட்டுல போயிட்டு, இவரை இந்நேரம் சாமி பாக்க வச்சிருப்பாரு."

அவ அன்பாத்தான் சொன்னா. நாசர் அப்புடிப்பட்டவன்தான், வுட்டுக்குடுக்குறவன்தான். கதவைப் பாத்துக்கிட்டே நாக்காலி நுனியில உக்காந்தா முபீனா. கோயில்லேர்ந்து சனம் திரும்பிக்கிட்டிருந்துச்சி, ஒவ்வொரு செருப்புச் சத்தத்துக்கும் அவ வாசலை எட்டிப் பாத்தா. வாசல் கேட்டு கிறீச்சின்னுச்சி. வெள்ளை வேட்டி, சட்டையில்லாத ஒடம்பு பூரா துந்நூறு, தலையைக் குனிஞ்சிக்கிட்டு ஒரு ஆளு உள்ள வந்தான். முபீனா எழுந்து நின்னுட்டா. கருகமணியை அவ கை தானா போயிப் புடிச்சிக்கிச்சி, இளவரசுதான், முடிஞ்சது எல்லாம்னு நெனைச்சா. நிமிந்து பாத்தா அது பக்கத்துக் குவார்ட்டர்ஸ் கார்த்திகேசன், பிரசாதம் குடுக்க வந்தவரு. குடுத்துட்டுப் போயிட்டாரு.

மொகம் ஏன்க்கா பேயறைஞ்ச மாதிரி இருக்கு, பஸ்ஸுல நசுக்கிட்டானுவளான்னு கேட்டுக்கிட்டே ஸ்ரீமதி தட்டு எடுக்கப் போனா. அப்பதான் முபீனா கையில இருந்த போனு அடிச்சிது. மச்சான்னு பேரு வந்துச்சி.

எடுத்தா. பேசுறது வேற யாராவது இருந்தா? போலீசு, ஆஸ்பத்திரி, அவன் பையைக் கண்டெடுத்தவன்? அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டுச்சி, அந்த மூச்சை வச்சே அவளுக்குத் தெரிஞ்சிடுச்சி. அல்ஹம்துலில்லாஹ்னு நாக்கு வரைக்கும் வந்ததை ஒதட்டைக் கடிச்சி நிறுத்திக்கிட்டா. ஒடம்பு பூரா சந்தோசம், வெக்கங்கெட்ட சந்தோசம், கண்ணு ரெண்டும் கொட்டுது.

நாசர் அழுதுக்கிட்டே கோர்வையில்லாம பேசினான். பள்ளிவாசல்லேர்ந்து வெளிய வந்தவனைக் கம்பெனி டிரைவரு பாத்துட்டு பேயைப் பாத்த மாதிரி அலறினானாம், அப்புடியே காருல ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயி, ஆளு யாருன்னு அடையாளம் காட்டச் சொன்னாங்களாம். போனு ரூமுல இருந்துச்சி, உன் நம்பரு எனக்கு மனப்பாடமா தெரியாது புள்ள, இப்பதான் ரூமுக்கு வந்தேன்னான். இங்க தன்னையே செத்தவன்னு சொல்லியிருக்காங்கன்னுகூட அவனுக்குத் தெரியல.

"இளவரசு போயிட்டான் முபீ," ன்னான். "ஜும்மா அடுத்த வாரமே வரும்டா, நீ ஊருக்குப் போன்னு சொன்னேன். தரிசனம் அடுத்த வருசம் பாத்துக்கறேன், கொடுத்த வாக்கு கொடுத்ததுதான்னுட்டு போயிட்டான். ஸ்ரீமதிகிட்ட எப்புடிச் சொல்றது? நீ போறியா? நீதான் போவணும்."

முபீனா நிக்கிறதே அந்த வீட்டுலதான்னு அவனுக்குத் தெரியாது. முதுவுக்குப் பின்னாடி தட்டு வைக்கிற சத்தம். ரெண்டு தட்டு. கொஞ்சம் யோசிச்சிட்டு, வர்றவனுக்குன்னு மூணாவதும் ஸ்ரீமதி எடுத்து வச்சா.

"அண்ணனா? பிளைட்டுலேர்ந்து எறங்கிட்டாரா?" ன்னு கேட்டுக்கிட்டே கிட்ட வந்தா.

முபீனா இல்லன்னு தலையாட்டினா. "ரூமுலதான் இருக்காரு," ன்னா. வேற எதையும் சொல்லத் தெரியாம, வாயில வந்த ஒரே உண்மையை அப்புடியே சொல்லிட்டா.

ஸ்ரீமதி மொகத்துல சிரிப்பு இன்னும் போவல. கரண்டியிலேர்ந்து களி தரையில வுழுந்துச்சி, அவ கவனிக்கல. எட்டு வருசமா மனப்பாடமா இருக்குற கணக்கை அவ போட்டுப் பாத்தா.

"அப்ப இன்னைக்கி பிளைட்டுல யாருக்கா போனது?"