அக்கா வரவழைத்த காற்று

வேல்ஸ் கோடையில் காற்றடித்தால் நான் பாராகிளைடிங் போவேன். அடங்கினால் அக்கா கேரிஸ் வில்வித்தைக்குப் போவாள். கார் ஒன்றுதான்.

இன்று என் உரிமப் பயிற்சிக்குக் கடைசி நாள். இன்னும் ஒரே ஒரு முறை பறந்தாக வேண்டும். மலையுச்சியில் மூன்று மணி நேரமாகப் புல்கூட அசையவில்லை.

"ஆறு மணிக்கு மூட்டை கட்டிடுவேன் தம்பி," என்றார் பயிற்சியாளர் எம்ரிஸ், நாலாவது டீயை ஊற்றியபடி.

அக்கா பெருமூச்சு விட்டாள். "நான் வில்லைத் தொட்டா வராத காத்தா?"

காரிலிருந்து வில்லை எடுத்துவந்து, ஆளில்லாத பின்சரிவில் ஓர் அட்டைப்பெட்டியைக் குறிவைத்தாள். நாணை இழுத்ததுமே காற்று எழுந்தது. அம்பு எங்கோ போனது.

"ஓடுடா! இது நிக்காம நான் பாத்துக்கறேன்!"

ஓடினேன், கால் தரையை விட்டது. நான் இறங்கும்வரை, அக்கா விடாமல் குறியைத் தவறவிட்டுக்கொண்டே இருந்தாள்.