நாத்தங்காலுக்கு மேல ஒரு மண்பாதை

மலைப்பக்கம் கருத்துட்டு. கல்லிடைக்குறிச்சிக்குக் கீழ ஆத்துல பாலம் கட்டுதாங்க. லாரி எறங்கதுக்கு வயக்காட்டு நடுவ செம்மண்ணக் கொட்டி ஒரு பாதை போட்டிருந்தோம். பாலம் முடிஞ்சா அள்ளிருவாங்க. மேல விரிக்கதுக்கு ஜல்லி இன்னும் வரல. நான் ஹெப்ரான், ஜேசிபி ஓட்டுதேன்.

பாதைக்கு எடது பக்கம் முத்துராணியக்கா நாத்தங்கால். பிசான நெல்லுக்குப் பாவுன நாத்து, அப்பந்தான் பச்சை கட்டிருக்கு. அக்கா வரப்புல நின்னு கத்துதா.

"ஏ மேஸ்திரி! ஒம்ம ரோட்டுத் தண்ணிய எங்கவே விட்டிருக்கேரு?"

"வாய்க்கால்லதான். பின்ன வீணாக்கவா சொல்லுத?" சிவசைலம் அண்ணாச்சி மொறச்சாரு.

மேஸ்திரின்னாலும் அவரு வயக்காரருதான். பாதை ஓரத்துல ஓடை வெட்டும்போது கை தன்னால வாய்க்காலுக்குத் திருப்பிட்டு. இங்கன எவனும் அப்படித்தான் திருப்புவான். ஆனா இது செம்மண்ணக் கரைச்சுக்கிட்டுல்லா வரும்! வாய்க்கா நேரே நாத்தங்காலுக்குப் போவுது. சேறு மூடுனா நாத்து அழுகிரும். திரும்பப் பாவதுக்குப் பருவம் கெடையாது.

மழை புடிச்சிட்டு. இஞ்சினியர் டார்லின் ஓடி வந்தாங்க. பாளையங்கோட்டைக்காரங்க, வேலைக்கு வந்து ஒரு வாரந்தான் இருக்கும்.

"வலது பக்கம் மண்ணெடுத்த பள்ளம் சும்மா கெடக்குல்லா! ஹெப்ரான், பாதையக் குறுக்க வெட்டுங்க. தண்ணி பள்ளத்துக்குப் போட்டும்."

"கான்கிரீட் லாரி மெயின்ரோட்டு வெலக்குல திரும்பிட்டும்மா. வெட்டுனா எப்படி எறங்கும்?" அண்ணாச்சி என் பக்கம் திரும்புனாரு. "ஏலே, லாரி போன பொறவு பாப்போம். இப்பத் தொட்ட, நாளைக்கு இந்தப் பக்கம் வராத."

"இந்த ஈரத்துல லாரி எறங்குனா பாதையே கூழாயிரும் அண்ணாச்சி. அந்தக் கூழு எங்க போவும்?" டார்லினம்மா விடல.

என்னைய வேலைக்குக் கூப்புடுதது அண்ணாச்சிதான். ஜேசிபி கம்பியப் புடிச்சிட்டு சும்மா இருந்தேன். ஓடையில செவப்பாத் தண்ணி வந்துட்டு. முத்துராணியக்கா வாய்க்கா வாயில சாக்கப் போட்டு அமுக்கி, அது மேலயே உக்காந்துட்டா. தண்ணி இடுப்புக்கு ஏறுது.

"எந்திரிட்டி, இழுத்துட்டுப் போயிரும்!" அண்ணாச்சி பதறுனாரு.

"போட்டும்! நாத்துப் போனப்பொறம் நான் இருந்து எதைப் பிடுங்கி நட? ஏலே ஹெப்ரான், என்ன வேடிக்கை பாக்க? சாக்கு நழுவுதுலே!"

மேல லாரி ஆரன் அடிக்கான். நான் வாளிய எறக்கிட்டேன்.

மொத வெட்டுக்குத் தண்ணி திரும்பல. ரெண்டாவதுக்கும் சுத்திச் சுத்தி நிக்கி. இன்னும் ஆழமாத் தோண்டுனேன். கரை சரிஞ்சு, மொத்தத் தண்ணியும் பள்ளத்துக்குப் பாஞ்சுது.

லாரி நான் வெட்டுன எடத்துக்கு அந்தப் பக்கம் நின்னுட்டு. டார்லினம்மா போனு அடிச்சிக்கிட்டே இருக்கு, அவங்க எடுக்கல. அக்கா எந்திரிச்சுப் போயி நாத்தப் பாத்தா. ஒரு மூலையில மட்டும் செவந்திருந்துச்சு. கையால பையப் பைய அலசி விட்டா.

அண்ணாச்சி மம்பட்டிய எடுத்து, அவரு தொறந்த ஓடை வாய அவரே மூடுனாரு. என்னைய ஏறிட்டே பாக்கல.

"அப்போ நான் நாளைக்கு வரண்டாமா அண்ணாச்சி?"

"வெட்டுன எடத்துல குழாயப் பொதைச்சு பாதைய மூட ஒங்க மாமனா வருவான்? வெள்ளன வந்து தொலை."