இறங்கி வராத கோல்கீப்பர்

ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கையில் எம்பிய கோல்கீப்பர் பந்தைப் பிடித்தார்; ஆனால் கீழே இறங்கவில்லை. கோல் கம்பத்துக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில், பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பால்கனியில் காற்று வாங்குபவரைப் போல நின்றார். நடுவர் அண்ணாந்து பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பந்து கோட்டைத் தாண்டவில்லை என்பதை உறுதிசெய்துகொண்டு விசில் ஊதினார். ஒன்றுக்குப் பூஜ்யம், உள்ளூர் அணிக்கு வெற்றி. ஜனங்கள் சந்தோஷமாகக் கலைந்தார்கள்.

அவர்கள் வீடு போய்ச் செருப்பைக் கழற்றுவதற்குள் ரசிகர்களின் இணையத்தளத்தில் விளக்கங்கள் மலைபோலக் குவிந்துவிட்டன. கையுறைக்குள் வாயு என்றார் ஒருவர். எதிரணியின் பெருமூச்சுதான் தூக்கிவிட்டது என்றார் இன்னொருவர். தளத்தை நடத்தியவர் ஒரு பல் மருத்துவர். ஒரு கை நோயாளியின் வாய்க்குள் இருக்க, மறு கையால் ஆட்டத்தைப் பற்றித் தட்டிக்கொண்டிருப்பார்; அணி தோற்ற வாரத்தில் ஊரில் யாருக்கும் பல் வலிப்பதில்லை. தளத்துக்கு இருந்தது ஒரே சட்டம்: நம் கோல்கீப்பரைப் பற்றி ஒரு குறைகூட எழுதக்கூடாது. முன்பு இருந்த கோல்கீப்பர் தளத்தைப் படித்துவிட்டுத் தேம்பிக்கொண்டே கூடைப்பந்துக்கு ஓடிப்போனதிலிருந்து வந்த சட்டம் அது.

பத்திரிகையில் விளையாட்டுப் பக்கத்துக்கு ஒரு செய்தியாளர் இருந்தார். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவார். வேலைக்குச் சேர்ந்த நாள்முதல் ஆறுக்கு மேல் போட்டதே இல்லை என்பதால் தளத்தில் அவர் பெயர் ஆறுமார்க். கண்ணாடி அறைக்குள் பிஸ்கட் தின்றுகொண்டு பார்க்கிறவருக்கு ஆட்டம் எங்கே தெரியும் என்பது தளத்தின் கட்சி. கட்டைவிரலால் ஆட்டம் பார்க்கிற கூட்டம் என்பது அவர் கட்சி. ஆனால் பொழுது விடிந்ததும் தளத்தார் முதலில் பிரிப்பது அவர் பக்கத்தை. வேலை முடிந்ததும் அவர் முதலில் திறப்பது தளத்தை. இரண்டு பேர் உறுதிசெய்யாத எதையும் அவர் எழுதமாட்டார். ஆகவே மறுநாள் பத்திரிகையில் 'கோல்கீப்பரிடம் கருத்துக் கேட்க இயலவில்லை' என்று மட்டுமே வந்தது. கோட்டு நடுவரும் விளக்குக் கம்ப மெக்கானிக்கும் சத்தியம் பண்ணிய பிறகுதான் கோல்கீப்பர் மேலே இருக்கும் செய்தி அச்சேறியது.

கோல்கீப்பரின் மனைவி பஸ் டிரைவர். கொடிக்கம்பக் கயிற்றைக் கணவரின் கணுக்காலுக்கு வீசிக் கட்டவைத்தவர் அவர்தான். சாப்பாட்டுப் பாத்திரமும் அந்தக் கயிற்றிலேயே ஏறி இறங்கியது. ட்ரிப்புக்கு ட்ரிப் மைதானத்தைக் கடந்து போனவர் விஷயத்தை முதலில் கண்டுபிடித்தார். தளத்தில் ஒரு பாராட்டு விழுந்தால் கணவர் ஒரு சாண் ஏறினார். 'தெய்வமே' என்று எழுதினால் ஒரு முழம். கூரையைத் தாண்டினார், விளக்குக் கம்பத்தைத் தாண்டினார், கொக்குகள் அவருக்கு வழிவிட்டுப் பறந்தன. கொடிக்கயிறு தீர்ந்து, வலைக்கயிறு தீர்ந்து, ஊரிலுள்ள துணி உலர்த்தும் கயிறெல்லாம் முடிச்சுப் போட்டுச் சேர்க்கப்பட்டது. ஈரத்துணியைத் தோளில் போட்டு உலர்த்தினார்கள். கடைசி முனை கம்பத்தில் இறுகியபோது ஊரில் முடிச்சுப் போட ஒரு ரிப்பன்கூட மிச்சமில்லை. இன்னும் ஒரு பாராட்டு வந்தால் கயிறு அறும்.

மனைவி பல் மருத்துவரிடம் போய்க் கெஞ்சினார். அவர் சட்டத்தை ரத்துசெய்து, எல்லாரும் திட்டும்படி உத்தரவிட்டார். பழக்கமில்லாத வாய்கள்; திட்டும் கொஞ்சலாகவே வந்தது. "பாவி, எங்க உசிரையே வாங்கிட்டியேய்யா" என்று ஒருவர் எழுதியதும் கயிறு கிறீச்சிட்டது. மருத்துவர் பதறிப்போய் எல்லாரையும் சும்மா இருக்கச் சொன்னார். அந்த மௌனத்தில் இருந்த மரியாதையில் இரண்டு இழைகள் தெறித்தன.

அடுத்து மனைவி யூனிஃபார்மோடு பத்திரிகை அலுவலகத்துக்குப் போனார்.

"சார், நீங்க நாலு வார்த்தை திட்டி எழுதுங்க. இறங்கிடுவாரு."

"பொய் எழுத மாட்டேம்மா. அந்தப் பிடிக்கு ஒம்போது மார்க். போட்டா இன்னும் மேல போயிடுவாரேன்னுதான் போடாம வச்சிருக்கேன்."

"பொய் யாரு எழுதச் சொன்னா? அவருகிட்ட குறையே இல்லையா? நான் வேணா சொல்லட்டுமா?"

சொன்னார். ஈரத்துண்டைக் கட்டிலில் போடுவது, குறட்டை, கூப்பிட்டால் காதில் விழாதது. விளையாட்டுப் பக்கத்துக்கு ஆகாது என்று செய்தியாளர் பணிவோடு மறுத்தார். குறை ஆட்டத்தில் வேண்டும். அதற்கு அவர் ஆடிய ஒவ்வொரு உதையும் வேண்டும். அவ்வளவையும் சேர்த்துவைத்திருந்தது ஊரில் ஒரே இடம்தான்.

பல் மருத்துவர் வந்தார். இருவரும் அலுவலகக் கேன்டீனில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். தளத்தாருக்கு எல்லாக் குறையும் முன்பே தெரியும். பிரியத்தால் வெளியே சொல்லாமல் விழுங்கிவைத்திருந்தார்கள். மருத்துவர் கண்ணீரோடு ஒவ்வொன்றாகச் சொல்ல, செய்தியாளர் பழைய ஆட்டங்களைப் போட்டுப் பார்த்துச் சரிபார்த்தார். பாதிக்கு மேல் மிகை என்று தள்ளினார். தேநீர் ஆறி ஆடை கட்டியது. "உங்களுக்கு நல்ல கண்ணு சார்" என்றார் செய்தியாளர், வேறெங்கோ பார்த்தபடி. மருத்துவர் அவருடைய கடைவாய்ப் பல்லை ஒருமுறை வந்து காட்டச் சொன்னார்.

கட்டுரை வெளியானதும் பத்திரிகையைச் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு கட்டி ஏற்றினார்கள். திட்டு ஒன்றுகூட அதில் இல்லை, நடந்தது மட்டுமே இருந்தது. இடது காலால் உதைத்தால் பந்து பாதி மைதானம் போவதில்லை என்ற வரியில் கயிறு தளர்ந்தது. கோல்கீப்பர் 'ஆமா' என்றிருக்கிறார். தன் தவறுக்குத் தடுப்பாட்டக்காரர்களைத் திட்டுகிறார் என்ற வரிக்கு விளக்குக் கம்பம் வரை வந்தார். பெனால்டி என்றால் எப்போதும் வலப்பக்கமே பாய்கிறார் என்பதைப் படித்துத் தலையைச் சொறிந்துகொண்டு, புல்லுக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றார். அங்கேயே நின்றுவிட்டார். கடைசி வரி பாக்கி: போன பருவத்தில் ஒரு மூலை உதைக்குத் தாமதமாக வெளியே வந்தார்.

"ஏங்க, அதையும் ஒத்துக்கிட்டா என்ன? தரையில நிக்கலாம்ல."

"அது மட்டும் நெசமில்ல. அன்னிக்கு வெயில் கண்ணுல அடிச்சுது."

செய்தியாளர் போய் விசாரித்தார். அன்று மேகமூட்டம் என்று இரண்டு பேர் உறுதிசெய்தார்கள். வரியைத் திரும்பப் பெற மறுத்துவிட்டார். தளமோ அன்று வெயில் மட்டுமல்ல, இரண்டு சூரியன் இருந்தது என்றது. மனைவி குனிந்து கணவரின் பாதத்துக்கும் புல்லுக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தார். "ஒரு சாண்தானே. வாங்க, வீட்டுக்குப் போகலாம்" என்று கையைப் பிடித்து, பஸ் வரை இழுத்துக்கொண்டு போனார்.

தரையைத் தொட்டுத்தான் ஆடவேண்டும் என்று விதி எதுவும் இல்லாததால் அவர் அந்த உயரத்திலேயே பல வருடம் ஆடினார். தாழ்வாக வரும் பந்து எப்போதாவது அவர் காலுக்கு அடியில் புகுந்துவிடும்; செய்தியாளர் அதை ஒரு வரியில் எழுதுவார், தளம் புல்லைக் குறைசொல்லும். வெயிலா மேகமா என்பதை இரு தரப்பும் இன்னும் முடிக்கவில்லை. மைதானத்துச் சேற்றோடு நேராக வீட்டுக்குள் வந்து, சமையலறை வரை போய்வந்தாலும் ஒரு காலடித் தடம்கூட விழாத புருஷன் இந்த ஊரில் வேறு எவளுக்கு இருக்கிறான் என்று மனைவி பஸ் டிப்போவில் எல்லாரிடமும் கேட்பார். யாருக்கும் இல்லை.