கயிற்றின் மேல்முனை

ஆம்புலன்ஸ் கதவை டிரைவர் சாத்தப் போனபோது பாண்டியராஜ் குறுக்கே கையை வைத்துவிட்டார்.

"நானும் கேறுறேன்."

"சொந்தக்காரங்க மட்டும் போதும்," என்றாள் அங்கம்மாள் அத்தை. "நீ பின்னால ஆட்டோல வா."

சுனிதா உள்ளே, அப்பா குழந்தைசாமியின் உடலருகே, காலடியில் உட்கார்ந்திருந்தாள். "மாமா ஏறட்டும் அத்தை."

"நீ சொல்லுவே! ஆளில்லாம பிளேன் பறக்க வைக்கிறவளாச்சே. பெத்த அப்பன் சாகும்போது பக்கத்துல ஆளிருந்துச்சான்னு கேட்டியா?"

வாசற்படியில் நின்ற அம்மா ஓமனாதான் மெதுவாகச் சொன்னாள்: "இருந்துச்சு. பாண்டியண்ணன் இருந்தாரு."

அத்தை நகர்ந்து இடம் விட்டாள்.

சுக்கு வாசம் அடிக்கும் மட்டாஞ்சேரிச் சந்துகளில் வண்டி ஊர்ந்தது. கார்ப்பரேஷன் வேலையில் அப்பா சாக்கடைக் குழிக்குள் இறங்குவார். அவர் இடுப்புக் கயிற்றின் மறுமுனையை மேலே நின்று பாண்டியராஜ் பிடித்திருப்பார். சர்வீஸ் முழுக்க இதே ஜோடிதான். ஒருமுறை ஒரு கிடங்குக்குப் பின்னால் இருந்த குழியில் விஷவாயு. உள்ளே அசைவு நின்றது. இழுத்தால் கயிறு எதிலோ சிக்கிக்கொண்டது. கூட இருந்தவர்கள் ஓடிவிட்டார்கள். தீயணைப்பு வண்டி வந்து அப்பாவைத் தூக்கும்வரை பாண்டியராஜ் மட்டும் குழி வாயில் கயிற்றோடு நின்றார்.

போன ஓணத்துக்கு வந்தபோது சுனிதா தன் வேலையை அப்பாவிடம் சொன்னாள், சொல்லக்கூடிய அளவுக்கு.

"பைலட் ஓட்டுற போர் விமானம் ஒண்ணு போகும்ப்பா. அதுக்குத் துணையா ஆளில்லாத விமானம் பறக்கும். ஆபத்தான இடத்துக்கு அதை முன்னால அனுப்பலாம்."

"நல்ல காரியம். மனுஷன் இறங்க வேண்டாமில்ல." அப்பா யோசித்தார். "பைலட் சத்தம் நின்னுபோச்சுன்னா உன்னோடது என்னா செய்யும்?"

"திரும்பி வந்துடும். கோடிக்கணக்குல விலையில்லையா?"

"உடனேயா?"

"உடனே."

அப்பா சிரித்தார். வேறெதுவும் கேட்காமல் சாயாவைக் குடித்து முடித்தார்.

பெங்களூரு திரும்பியதும் அவள் அந்த விதியை மாற்றி எழுதினாள். தொடர்பு அறுந்தால், எரிபொருள் தாங்கும்வரை அதே இடத்தைச் சுற்றிவர வேண்டும். குதித்துப் பிழைத்த பைலட் எங்கே விழுந்தார் என்று தேடுபவர்களுக்கு அது காட்டும். மேலிடத்துக்கு இதில் இஷ்டமில்லை. அவ்வளவு விலையுள்ளதை எதிரி வானத்தில் சுற்ற விடுவதா? இரண்டும் சேர்ந்து பறக்கும் முதல் சோதனை நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பாவின் நெஞ்சுவலி சின்னதுதான் என்று அம்மா போனில் சொன்னதை அவள் நம்பினாள். நம்புவது வசதியாக இருந்தது.

சுடுகாட்டில் கொள்ளி வைத்துவிட்டு அவள் விலகியதும் உலையின் இரும்புக் கதவு இறங்கியது. வெளியே வருவதற்குள் போன் அதிர்ந்தது. மேலதிகாரி.

"இந்த நேரத்துல கேக்கக்கூடாது சுனிதா. அந்த விதியைப் பழையபடி வச்சிடலாமா? நீங்க சரின்னா இன்னைக்கே முடிஞ்சுது. இல்லேன்னா கமிட்டி முன்னால நீங்கதான் வாதாடணும். சோதனைப் பொறுப்பு கைவிட்டுப் போனாலும் போகும்."

"கொஞ்ச நேரத்துல சொல்றேன் சார்."

உறவினர்கள் குளிக்கக் கிளம்பிவிட்டார்கள். பாண்டியராஜ் மட்டும் இரும்புக் கதவுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார்.

"போலாம் மாமா. சாம்பல் நாளைக்குத்தான் குடுப்பாங்க."

"நீ போய்க்கோ மோளே. நான் கொஞ்சம் நிக்கட்டும்."

"இங்க இனி என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. சும்மா."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சற்றுத் தள்ளிப் போய்ப் போனை எடுத்தாள்.

"மாத்த வேண்டாம் சார். சுத்தட்டும். கமிட்டிக்கு நான் வரேன்."

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"ஆமா சார்."

கேட்டுக்கு வெளியே இருந்த கடையில் இரண்டு சாயா வாங்கி வந்தாள். ஒன்றை அவரிடம் நீட்டினாள். கதவிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் இடது கையால் வாங்கிக்கொண்டார். வலது கை இடுப்பருகே, விரல்கள் இறுக மடங்கியபடியே இருந்தது.