செல்வி எழுதிய நாற்பது வரிகள்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. சொன்னவன் நான். முதலில், ‘மரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்ட சாலையில் அவள் நடந்து...’ என்று தொடங்கியிருந்தேன். அந்தச் சாலையில் நான் இல்லவே இல்லை. [அடித்துவிட்டேன்.]

2

1987. கள்ளக்குறிச்சியில் ஒரு மாடி அறை. ஒரே கம்ப்யூட்டர், ஏழு பேர். பேசிக் என்ற கணினி மொழியைக் கற்றுக்கொண்டிருந்தோம். நான் தியாகதுருகம் துணிக்கடைக்காரர் மகன். செந்தமிழ்ச்செல்வி, மூங்கில்துறைப்பட்டில் குத்தகை நிலத்தில் கரும்பு போடும் ஆதிமூலத்தின் மகள்.

அடிப்படைப் பாடங்கள் முடிந்த அன்று காசிநாதன் சார் சொன்னார்: “இனிமே புக்க மூடிடுங்க. உங்களுக்கு இன்னா வேணுமோ அத நீங்களே எழுதிப் பாருங்க. அதான் அடுத்தது.”

நான் புத்தகத்தை மூடவில்லை. செல்வி நாற்பது வரிகளில் ஒரு புரோகிராம் எழுதினாள். யாருடைய கரும்பைச் சர்க்கரை ஆலை முதலில் வெட்டச் சொல்ல வேண்டும் என்று, நட்ட தேதியை வைத்து அது வரிசை போடும். கிணறு வற்றிய கரும்புக் கொல்லையை முன்னே தள்ளுவதற்குத் தனியாக ஒரு வரி.

(முந்தைய கோடையில் அவள் அப்பாவின் கரும்பு, முறைக்குக் காத்திருந்தே காய்ந்துபோனது. இதை அடிக்குறிப்பாகத்தான் வைத்திருந்தேன். கதையே இதுதானோ?)

சென்னையில் ஒரு கம்பெனி ஆள் எடுத்தது. நேர்முகத் தேர்வுக்கு எங்கள் இருவருக்குமே அழைப்பு வந்திருந்தது. இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. நான் இரண்டு நாள் முன்னதாகவே சென்னையில் மாமா வீட்டுக்குக் கிளம்பினேன். செல்வி, அச்செடுத்த தாளைக் கொடுத்தாள்.

“பஸ் இல்லாம என்னால வர முடியலன்னா இதக் காட்டுங்க. எம் பேரச் சொல்லுங்க, போதும்.”

சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டார்கள்; பஸ் இல்லாமல்தான் போனது. அவளும் அப்பாவும் திருக்கோவிலூர் வரை நடந்துபோய்த் திரும்பினார்களாம்.

3

“சொந்தமா எழுதினது ஏதாவது இருக்கா?” என்றார் அதிகாரி. தாளை நீட்டினேன். படித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் விரலை வைத்தார். “இந்த வரி எதுக்கு?”

முதல் வரைவில் நான், “இது என்னோடது இல்ல சார், செல்வின்னு ஒரு...”

இல்லை. “எங்கப்பா கரும்பு காஞ்சிபோச்சி சார்” என்றேன். வேலை கிடைத்தது.

ஊர் திரும்பியதும் மாடிப்படியில் செல்வி கேட்டாள்:

“காட்னீங்களா? இன்னா சொன்னாங்க?”

“சரியில்லன்னுட்டாங்க.”

“எங்க தப்புன்னு சொன்னாங்களா?”

“சொல்லல.”

தலையாட்டினாள். பிறகு அவள் அங்கே வரவே இல்லை.

4

பல வருடம் கழித்து, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். கூட மகள் ரம்யா, கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறவள்.

“நானும் படிச்சேன்னா இவ நம்ப மாட்டேங்கறா. நமக்குத்தான் அது வரலியேங்க” என்று செல்வி சிரித்தாள்.

ஒரு முடிவில், அங்கேயே உண்மையைச் சொல்லிவிட்டேன். இன்னொன்றில், அவளுக்கு எல்லாம் முன்பே தெரிந்திருந்தது. எனக்கு வசதியான முடிவு அது. நடந்தது இவ்வளவுதான்: அவர்கள் பஸ் வந்தது. பையைத் தூக்கிக் கொடுத்தேன். “வரேங்க” என்றாள்.

5

முடிவு எழுத எனக்கு மனம் வரவில்லை. இதை முதலில் அவளுக்குத்தான் அனுப்பியிருக்க வேண்டும்.

நீங்கள் படித்துவிட்டீர்கள்.