மழைக்குழியில் விட்ட குழாய்

பல்கலைக்கழகத்தில் பதினெட்டு வருடமாகக் குழாய் வேலை பார்த்தவர் அவர். எந்தச் சுவருக்குள் எந்த லைன் ஓடுகிறது என்பதெல்லாம் அத்துப்படி. அதனால் எல்லாருக்கும் அவர் ‘வால்வு’தான். பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

ஆறு வருடத்துக்கு முன் வேதியியல் ஆய்வகத்தில் புதிதாகக் கழுவுதொட்டிகள் வைத்தார்கள். திறப்பு விழாவுக்கு நான்கே நாள். சாக்கடை வரை தோண்ட நேரமில்லை. பொறியாளர், பக்கத்திலிருந்த மழைநீர்க் குழியைக் காட்டினார்.

“இப்போதைக்கு இதுல விட்டுடுப்பா. ரெண்டு மாசத்துல மாத்திக்கலாம்.”

“சார், இது நேரா நிலத்துக்குள்ள இறங்குற குழி. ஊழியர் குடியிருப்புக் கிணறு இங்கருந்து நூறு அடி தூரம் கூட இல்ல.”

“எனக்குத் தெரியாதா? சொன்னதச் செய்.”

செய்தார். இரண்டு மாதம் ஆறு வருடமானது. ஞாபகப்படுத்தியபோதெல்லாம் பொறியாளர் “பாக்கலாம்” என்றார். பிறகு இவரும் கேட்பதை விட்டுவிட்டார். பல்கலைக்கழக விடுதியில் சமைக்கும் மனைவிக்கு அந்தக் குடியிருப்பில் கொடுத்த வீட்டில்தான் இருவரும் இருந்தார்கள். அங்கேயும் அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான். அவளிடம் விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை. “காய்ச்சிக் குடி” என்று மட்டும் சொல்வார், காய்ச்சினால் போகிற சங்கதி அல்ல அது என்று தெரிந்தே.

இந்த வருடம் நீர்ப் பாதுகாப்பு விருதுக்குப் பல்கலைக்கழகம் விண்ணப்பித்தது. ஆய்வுக்கு ஓர் அதிகாரியம்மா வந்தார். அதற்கு முந்தின நாளே பொறியாளரின் உத்தரவுப்படி, குழாயின் வாய் தெரியாமல் இவர் சரளைக்கல் கொட்டி மூடியிருந்தார். குடியிருப்புப் பெண்களையும் குழியருகே வரிசையாக நிறுத்தியிருந்தார்கள்.

“கிணத்துத் தண்ணி எப்படிம்மா இருக்கு?” என்று அதிகாரி கேட்டார்.

“ரொம்ப நல்லா இருக்குங்க. ஆறு வருஷமா இதைத்தான் குடிக்கிறோம்,” என்றாள் அவர் மனைவி. அவள் முகத்தில் அப்படியொரு பெருமை.

வால்வு முன்னால் வந்தார். குனிந்து, கையாலேயே சரளையை வாரித் தள்ளினார். “அம்மா, இதைப் பாருங்க. லேப் தண்ணி இதுக்குள்ளதான் வருது. நான்தான் போட்டேன்.”

அடுத்த வாரம் கோப்பைத் திறந்தார்கள். வேலைச் சீட்டில் இருந்தது அவர் கையெழுத்து மட்டும்தான். பொறியாளர் “என்னிடம் கேட்கவே இல்லை” என்று எழுதிக் கொடுத்தார். வால்வுக்கு வேலை போயிற்று. குழாயைச் சாக்கடைக்கு மாற்றினார்கள். இரண்டே நாள் வேலை. தன் தவறைத் தானே கண்டுபிடித்துத் திருத்திய நேர்மைக்காகப் பல்கலைக்கழகத்துக்கு விருது கிடைத்தது. கிணற்றைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை.

வேலை போனதற்காக மனைவி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டது ஒன்றுதான்.

“தெரிஞ்சுக்கிட்டேதான் எனக்கு ஊத்திக் கொடுத்தீங்களா?”

அவர் ‘ஆமாம்’ என்று தலையசைத்தார்.

“நீங்க உங்க தம்பி வீட்டுக்குப் போயிடுங்க.”

துணிமணிகளை ஒரு பையில் திணித்துக்கொண்டு போனார்.

பத்து நாள் கழித்து, குடியிருப்புப் பெண்கள் கிணற்றை மூடச் சொல்லிப் பொறியாளர் அறைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு ஓடி வந்தார். காவலாளி உள்ளே விடவில்லை. “மன்னிச்சுக்கங்கண்ணே, ஆர்டர்.” கம்பிக் கதவின் வழியே பார்த்தார். பதினோரு பெண்கள். முதல் வரிசையில் அவர் மனைவி. மூன்றாம் நாள் கிணற்றைப் பூட்டினார்கள். குடியிருப்புக்குத் தண்ணீர் லாரி வந்தது.

அன்றும் அவர் வாசலில்தான் நின்றார். குடத்தோடு லாரிப் பக்கம் வந்த மனைவி அவரைப் பார்த்தாள். பக்கத்தில் நின்றவள், “உங்க வீட்டுக்காரர் நிக்கறாரே அக்கா,” என்றாள்.

“நிக்கட்டும்,” என்று சொல்லிவிட்டு வரிசையில் போய் நின்றாள்.